காவல் வேலைக்குப் போன ஆட்காட்டி

வட்டக்குளத்துக்குக் காவல் இல்லாமல் போய் ஒரு மாதம் ஆகியிருந்தது.

அதுவரை கரையில் நின்ற மருதமரத்து உச்சியில் ஒரு மந்தி உட்கார்ந்து நாலு திசையும் பார்த்துக்கொண்டிருந்தது. சிறுத்தையின் வால் நுனி தெரிந்தாலும் போதும், குரல் கொடுத்துவிடும். அந்த நம்பிக்கையில் மானும் பன்றியும் காட்டெருமையும் தலையைக் குனிந்து நிம்மதியாகத் தண்ணீர் குடிக்கும். சித்திரையில் அடித்த சூறைக்காற்றில் மரம் சாய்ந்தது. மந்தி தன் குட்டியைத் தூக்கிக்கொண்டு மலைக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. பிறகு சிறுத்தைக்கு நல்ல காலம். இரண்டு மான்குட்டி, ஒரு பன்றிக்குட்டி என்று ஒரே மாதத்தில் மூன்றைக் கொண்டுபோனது.

காட்டெருமைகளுக்குத் தலைவி கருமேனி. குளத்துக்கு வருகிற எல்லோருக்கும் அவள் சொல்தான் சொல். புதிய காவலைத் தேர்ந்தெடுக்க ஒரு நாள் குறித்தாள். வளர்பிறை பஞ்சமியன்று நடுப்பகலில், தண்ணீர் குடிக்க எல்லோரும் கூடும் நேரத்தில், வேலை வேண்டியவர் கரையிலுள்ள தட்டைப்பாறையில் ஏறி நிற்க வேண்டும். கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டும். சம்பளம் பழைய வழக்கப்படிதான். கரையில் எந்த இடத்தைக் காவல்காரர் கேட்கிறாரோ அந்த இடத்தில் எந்தக் குளம்பும் படாது.

இந்தச் சேதி காதில் விழுந்ததும் மஞ்சக்காலிக்கு இருப்புக் கொள்ளவில்லை.

மஞ்சக்காலி ஓர் ஆட்காட்டிக் குருவி. மெலிந்த மஞ்சள் கால், அலகோரம் சிவந்த தசை, ஏழு காட்டுக்குக் கேட்கிற தொண்டை. ஆட்காட்டிகள் மரத்தில் கூடு கட்டுவதில்லை. கூழாங்கல் கிடக்கும் வெறுந்தரையில் கல்லோடு கல்லாக முட்டையிட்டுவிடும். குளத்தின் கிழக்குக் கரையில் அப்படி ஒரு கூழாங்கல் மேடு இருந்தது. அவளும் அவள் புருஷன் செம்மூக்கனும் இரண்டு வருஷமாக அங்கேதான் முட்டை வைத்தார்கள். முதல் வருஷம் பன்றிக் கூட்டம் மிதித்தது. போன வருஷம் எதற்கோ மிரண்டு ஓடிய எருமைகள் மிதித்தன. எட்டு முட்டையில் ஒன்றுகூடப் பொரியவில்லை. இப்போது மறுபடியும் முட்டை வைக்கும் நாள் நெருங்கியிருந்தது.

அந்த மேட்டில் குளம்பு படாமல் இருந்தால் போதும். வேறெதுவும் அவளுக்கு வேண்டாம்.

செம்மூக்கன் யோசிக்கவே இல்லை. "போய்ப் பாறையில ஏறி ஒரு கத்துக் கத்து. வேலை நமக்குத்தான்" என்றான்.

மஞ்சக்காலிக்கு அது சரியாகப் படவில்லை. அந்தக் கத்தலால்தான் காடு முழுக்க அவளுக்குக் கெட்ட பெயர். விடியுமுன்னே தூக்கத்தைக் கெடுக்கிறாள் என்று முயல்கள் திட்டும். ஒரு நரி போனால் ஊரையே கூட்டுகிறாள் என்று பன்றிகள் முணுமுணுக்கும். நாலு பேர் முன்னால் நல்ல பெயர் எடுக்க வேண்டிய நாளில் அந்தத் தொண்டையையா கொண்டுபோவது? யாரிடமாவது முறையாகக் கேட்டுக்கொண்டு போகலாம் என்று அவள் மைனாவிடம் போனாள்.

மைனா சாதாரணப் பறவை அல்ல, அதன் சொல்லில். காட்டோரத்தில் ஓர் அலுவலகத்து ஓட்டு இடுக்கில் மூன்று கோடை குடியிருந்தது. வேலை கேட்டு வரும் மனிதர்களை ஜன்னலில் உட்கார்ந்து பார்த்திருக்கிறது. எப்படி நிற்பார்கள், எப்படிப் பேசுவார்கள், எங்கே சிரிப்பார்கள் என்பதெல்லாம் அதற்கு அத்துப்படி. யாருக்கு வேலை கிடைத்தது என்பது மட்டும் அதற்குத் தெரியாது. அந்தப் பட்டியலை உள்ளே ஒட்டுவார்கள்.

மைனா அவளை இரண்டு முறை சுற்றி வந்து பார்த்தது. முதலில் குரலைக் குறைக்கச் சொன்னது. அலகோரச் சிவப்பு கொஞ்சம் முரட்டுத்தனமாகத் தெரிகிறது, சேறு பூசி மறைத்துவிடு என்றது. நடக்கும்போது குடுகுடு என்று ஓடக்கூடாது, ஒவ்வோர் அடியாக வைக்க வேண்டும்.

"இன்னொண்ணு அக்கா. உனக்கு என்ன வேணும்னு மட்டும் சொல்லிடாதே. ஊருக்கு உழைக்கணும்னு ஆசை, அதனால வந்தேன்னு சொல்லணும். அங்க வர்றவங்க எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க."

நாலு நாள் பயிற்சி நடந்தது. குயிலைப் போல மெல்லக் கூவ மைனா கற்றுக்கொடுத்தது. மஞ்சக்காலியும் விடாமல் கூவிப் பழகினாள். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவதை அருகிலிருந்து பார்ப்பது கஷ்டம். செம்மூக்கன் அந்த நாலு நாளும் அக்கரையிலேயே இரை தேடினான்.

பஞ்சமி வந்தது. வெயில் உச்சிக்கு ஏறியதும் குளக்கரை நிறைந்துவிட்டது. வேலை கேட்டு வந்தவர்கள் இரண்டே பேர். மஞ்சக்காலி, ஒரு வெள்ளைக் கொக்கு.

முதலில் மஞ்சக்காலி பாறையில் ஏறினாள். ஒவ்வோர் அடியாக வைத்தாள். முகத்துச் சேறு வெயிலில் காய்ந்து அரித்தது. கருமேனி அவளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, சிறுத்தை வந்தால் எப்படிக் குரல் கொடுப்பாய், கொடுத்துக் காட்டு என்றாள்.

மஞ்சக்காலி கழுத்தை வளைத்து மெல்லக் கூவினாள்.

கூட்டத்தில் யாரும் அசையவில்லை. பின்வரிசையில் நின்ற கிழட்டுப் பன்றி, "ஆரம்பிச்சாச்சா?" என்று பக்கத்துப் பன்றியைக் கேட்டது.

கருமேனியின் காது ஒருமுறை ஆடியது. "இவ்வளவுதானா உன் குரல்?"

"இவ்வளவுதாம்மா. முன்னாடி கொஞ்சம் சத்தமா இருந்தேன். இப்ப திருந்திட்டேன்."

கருமேனி அடுத்த கேள்விக்குப் போனாள். இந்த வேலை எதற்கு, கரையில் எந்த இடத்தைச் சம்பளமாகக் கேட்கிறாய் என்றாள்.

இந்தக் கேள்விக்கு மைனா சொல்லிக்கொடுத்த பதிலின் முதல் பாதியை மஞ்சக்காலி ஒழுங்காகச் சொல்லிவிட்டாள். ஊருக்கு உழைக்க ஆசை என்றாள். இடத்தைச் சொல்ல வேண்டிய இடத்தில்தான் வந்தது வினை. அதற்குமேல் பேசியது மைனா அல்ல, அவள் வம்சம்.

ஆட்காட்டிக் குலத்தில் ஒரு வழக்கம் உண்டு. முட்டை இருக்கும் இடத்தில் வாயைத் திறக்கக்கூடாது. இல்லாத இடத்தில் போய்த் தொண்டை கிழியக் கத்த வேண்டும். எதிரி நெருங்கிவிட்டால் சிறகு ஒடிந்ததுபோல இழுத்துக்கொண்டு நொண்டி நொண்டி வேறு பக்கம் ஓட வேண்டும். எதிரி, நொண்டியைச் சுலபமாகப் பிடிக்கலாம் என்று பின்னாலேயே வருவான். முட்டை தப்பிவிடும். இதை யாரும் கற்றுக்கொடுக்க வேண்டாம். முட்டையை உடைத்துக்கொண்டு வெளியே வரும்போதே கூட வரும்.

இத்தனை கண்கள் அவளையே பார்த்துக்கொண்டு, உன் இடம் எது, உன் இடம் எது என்று கேட்டால் அவள் என்ன செய்வாள்? கிழக்கு மேட்டின் பக்கம் கண்ணைக்கூடத் திருப்பவில்லை. பாறையிலிருந்து குதித்தாள். இடது சிறகைத் தரையில் இழுத்துக்கொண்டு, நேர் எதிராக, மேற்கிலிருந்த சம்பங்கோரைப் புதரைப் பார்த்து நொண்டிக்கொண்டே ஓடினாள்.

"அதோ, அந்த இடம்தாம்மா!" என்றாள்.

கூட்டம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டது. அந்தக் கோரைக்குள் யாரும் கால் வைப்பதே இல்லை. முழங்கால் அளவு சேறு. சிறுத்தை பதுங்கி வருவதும் அந்த வழியில்தான். கேட்க வேறு இடமா இல்லை? இவளும் சிறுத்தையும் கூட்டோ என்று கிழட்டுப் பன்றி சந்தேகப்பட்டது. மான்கள், பாவம் சிறகு ஒடிந்தவள், இவள் எங்கே பறந்து பார்ப்பது என்று பரிதாபப்பட்டன. பரிதாபத்துக்கு யாராவது வேலை கொடுப்பார்களா?

அடுத்து கொக்கு. அதற்கு யாரும் பயிற்சி கொடுக்கவில்லை. பாறையில் ஏறி ஒற்றைக் காலில் நின்றது. காலையிலிருந்து சாயங்காலம்வரை அசையாமல் நின்று பார்ப்பேன், கண் இமைக்க மாட்டேன் என்றது. ஒரு கத்தும் கத்திக் காட்டியது. குரல் கரகரப்பாக இருந்தாலும் பின்வரிசைவரை கேட்டது. எந்த இடம் வேண்டும் என்றதும் யோசிக்கவே இல்லை. "தெக்குத் துறையில ஆழமில்லாத தண்ணி. அங்க மீன் இருக்கு. அது எனக்கு வேணும்."

கேட்க நன்றாக இருந்தது. இதில் ஒளிவு மறைவு ஒன்றும் இல்லை.

குளத்தில் ஒருவரை ஏற்றுக்கொண்டதற்கு அடையாளம் கை தட்டுவதல்ல. அவரைக் காவலுக்கு நிறுத்திவிட்டு எல்லோரும் தலை குனிந்து ஒரு வாய் தண்ணீர் குடிப்பார்கள். நம்பிக்கை இல்லாதவர் காவலில் யாரால் தலை குனிய முடியும்? கொக்கு பாறையில் நிற்க, கருமேனி முதலில் குனிந்து குடித்தாள். பிறகு எல்லோரும் குடித்தார்கள். மஞ்சக்காலி கோரைப் புதரோரம் சிறகை மடக்கிக்கொண்டு அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவமானத்தைவிட வயிற்றில் கனத்த முட்டைகள்தான் அவளை அதிகம் வாட்டின.

மூன்றாம் நாளிலிருந்து முட்டை வைக்கத் தொடங்கினாள். நாலு முட்டை. போவதற்கு வேறு இடம் இல்லாததால் அதே மேட்டில்தான் வைத்தாள். அவள் அடைகாத்தால் செம்மூக்கன் இரை தேடுவான், செம்மூக்கன் அடைகாத்தால் அவள் போவாள். கூட்டம் தண்ணீருக்கு வரும் ஒவ்வொரு நடுப்பகலும் இருவருக்கும் உயிர் போய் உயிர் வந்தது.

கொக்கு சொன்ன சொல் தவறவில்லை. அசையாமல்தான் நின்றது. கண் இமைக்காமல்தான் பார்த்தது. ஆனால் பார்த்ததெல்லாம் தண்ணீரை. காலடியில் கெண்டையும் கெளுத்தியும் ஓடும்போது கரையைப் பார்க்க அதற்கு எப்படி மனம் வரும்? எதைப் பார்ப்பாய் என்று பாறையில் யாரும் அதைக் கேட்கவும் இல்லை.

ஒரு நாள் நடுப்பகல். செம்மூக்கன் இரைக்குப் போயிருந்தான். மஞ்சக்காலி முட்டைமேல் உட்கார்ந்திருந்தாள். கொக்கின் இடத்தை விட்டுத் தள்ளி, தெற்குக் கரையில் எருமைகள் குடித்துக்கொண்டிருந்தன. ஒரு மான்குட்டி மட்டும் கூட்டத்தை விட்டு விலகி, மேற்கே கோரையோரமாகப் போய்க் குடித்துக்கொண்டிருந்தது.

கோரைத் தாள்கள் ஆடின. காற்று இல்லை. மஞ்சக்காலி உற்றுப் பார்த்தாள். மஞ்சள் தோல், கரும்புள்ளி.

அவளுக்கு எல்லாம் ஒரே நொடியில் தெரிந்துவிட்டது. கத்தினால் கூட்டம் மிரளும். மேற்கில் ஆபத்து என்றால் கிழக்கே ஓடும். கிழக்கே இந்த மேடு. போன வருஷம் நடந்ததும் இதேதான். கத்தாவிட்டால் சிறுத்தை சத்தமில்லாமல் மான்குட்டியைக் கவ்விக்கொண்டு போகும். எருமைகள் ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குடிக்கும். முட்டைக்கு ஒன்றும் ஆகாது. காவல் வேலையும் அவளுடையது இல்லை. மான்குட்டியைப் பார்த்துக்கொள்ளத்தான் கொக்கு இருக்கிறதே!

வயிற்றுக்கடியில் நாலு முட்டையும் சூடாக இருந்தன. மான்குட்டி தலையைத் தூக்கி, மூக்கில் ஒட்டிய தண்ணீரை நக்கிக்கொண்டு, திரும்பவும் குனிந்தது.

மஞ்சக்காலி எழுந்துவிட்டாள். பத்தடி சத்தமில்லாமல் ஓடினாள். பிறகு விர்ரென்று மேலே கிளம்பி, குளத்தைக் கடந்து, சிறுத்தையின் தலைக்கு நேர்மேலே போய்த் தன் தொண்டையைத் திறந்தாள். நாலு நாள் குயில் பயிற்சியெல்லாம் போன இடம் தெரியவில்லை. மலையில் மோதித் திரும்பி வந்தது அந்தச் சத்தம். மான்குட்டி துள்ளி விலகியது. சிறுத்தை பாய்ந்த இடத்தில் சேறுதான் இருந்தது. முழங்கால் புதைந்து நின்ற சிறுத்தையின் காதோரம் இரண்டு முறை இறங்கிக் கத்திவிட்டுத் திரும்பினாள்.

அவள் பயந்தபடியே கூட்டம் கிழக்கே ஓடிக்கொண்டிருந்தது. முன்னால் கருமேனி. தரை அதிர்ந்தது.

மஞ்சக்காலி எப்படிப் பறந்தாள் என்று அவளுக்கே தெரியாது. கூட்டத்தை முந்திக்கொண்டு மேட்டில் இறங்கினாள். இப்போதாவது வேறு பக்கம் போய் நொண்டலாம். வம்சம் அதைத்தான் சொன்னது. ஆனால் மிரண்டு ஓடுகிற எருமை யாருடைய நொண்டலைப் பார்க்கும்? அவள் முட்டைக்கு முன்னால் போய் நின்றாள். இரண்டு சிறகையும் அகல விரித்தாள்.

"இங்க என் முட்டை இருக்கு! இந்த இடம்தான்! மிதிக்காதீங்க!"

அப்படி ஒரு வார்த்தையை அதற்குமுன் எந்த ஆட்காட்டியும் சொன்னதில்லை. கருமேனி முன்கால் இரண்டையும் ஊன்றினாள். கூழாங்கல் தெறித்தது. அவள் உடம்பு வடக்கே திரும்பியதும் பின்னால் வந்த கூட்டமும் ஆற்று வெள்ளம் பாறையைச் சுற்றிப் பிரிவதுபோல வடக்கே பிரிந்து ஓடியது. கடைசியில் வந்த கன்று ஒன்றுக்கு மட்டும் திரும்பத் தெரியவில்லை. நேராக வந்து, மேட்டின் ஓரத்தில் ஒரு கால் வைத்து, தாண்டிப் போய்விட்டது.

சிறுத்தை சேற்றிலிருந்து காலைப் பிடுங்கிக்கொண்டு வந்த வழியே போனது. புழுதி அடங்கியது. மஞ்சக்காலி திரும்பிப் பார்த்தாள். மூன்று முட்டை அப்படியே இருந்தன. நாலாவது கூழாங்கல்லோடு நசுங்கியிருந்தது. அவள் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். அழக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

கருமேனி மூச்சு வாங்கிக்கொண்டு அருகில் வந்தாள். நசுங்கிய முட்டையை அவளும் பார்த்தாள். அது தன் கூட்டத்துக் கன்றின் கால் என்று அவளுக்குத் தெரியும்.

"பஞ்சமியன்னிக்குப் பாறையில உன்னைப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷமா இருந்துச்சு" என்றாள். "விடியுமுன்னாடி கத்துறது நீதான்னு எனக்குத் தெரியும். அந்தக் குரல் இங்க வேணும்னு நினைச்சுட்டுத்தான் வந்தேன். நீ என்னடான்னா குயிலாட்டம் கூவுன. இந்த மேட்டை விட்டுட்டு யாருக்கும் வேண்டாத சேத்தைக் கேட்ட. ஏம்மா அப்படிச் செஞ்ச?"

"என் குரல் எல்லாருக்கும் எரிச்சல்னு சொன்னாங்க. அதை மறைச்சேன்" என்றாள் மஞ்சக்காலி. "முட்டை இருக்குற இடத்தை நாங்க யார்கிட்டயும் சொல்றதில்லை. அதையும் மறைச்சேன்."

"திருடன்கிட்ட மறைக்கலாம். வேலை கொடுக்குறவங்ககிட்ட மறைச்சா, உன்கிட்ட என்ன இருக்குன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

மஞ்சக்காலி மீதி மூன்று முட்டையையும் அலகால் நெருக்கி வைத்தாள். அன்றைக்கே இந்த மேட்டைக் கைகாட்டியிருந்தால் இன்றைக்கு நாலு முட்டை இருந்திருக்கும். இதை அவளுக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

ஓடிய கூட்டம் ஒவ்வொன்றாகக் குளத்துக்குத் திரும்பி வந்தது. யாருக்கும் குடிக்கத் தைரியமில்லை. கரையில் தலையைத் தூக்கியபடியே நின்றார்கள். மான்குட்டி தாயின் வயிற்றோடு ஒட்டிக்கொண்டிருந்தது. தெற்குத் துறையில் கொக்கு ஒரு கெண்டையை விழுங்கி முடித்துவிட்டு நிமிர்ந்து, "என்ன, எல்லாரும் எங்க போயிட்டு வர்றீங்க?" என்று கேட்டது.

கருமேனி தண்ணீரோரம் போனாள். பாறையைப் பார்க்கவில்லை. கிழக்கு மேட்டில், மூன்று முட்டைக்குப் பக்கத்தில், முகத்துச் சேறெல்லாம் எப்போதோ உதிர்ந்து அலகோரம் சிவக்க நின்ற மஞ்சக்காலியை ஒருமுறை பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்து ஒரு வாய் தண்ணீர் குடித்தாள். மான்கள் குனிந்தன. பன்றிகள் குனிந்தன. மான்குட்டியும் குனிந்தது. அவர்கள் குடித்து முடிக்கும்வரை மஞ்சக்காலி முட்டைமேல் உட்காராமல், நின்றபடியே கோரைப் புதரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்றிலிருந்து கிழக்கு மேட்டில் ஒரு குளம்பும் படவில்லை. மூன்று முட்டையும் பொரிந்தன. குஞ்சுகள் நடக்கத் தொடங்கிய நாளில், மைனா வந்து தன் பயிற்சியால்தான் அவளுக்கு வேலை கிடைத்தது என்று காடெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தது.

வேலை கேட்டுப் போகிற இடத்தில் இரவல் குரலில் பேசித் தன் சொந்தத் திறமையையும் தேவையையும் மறைப்பவர், கிடைக்கவேண்டிய வேலையைத் தாமே கை நழுவ விடுகிறார்.